முழுக்கோழியை ஓவனில் சுடுதல்: தோலுக்கு ஒரு வெப்பம், இறைச்சிக்கு ஒரு வெப்பம்

முழுக்கோழியை ஓவனில் சுடுவது பற்றிப் பேச்சு எழுந்தால், “கிலோவுக்கு 40 நிமிடம்” என்று ஒருவர் கணக்குச் சொல்வார். “முதலில் அதிகச் சூட்டில் வைத்துவிட்டால் மேல்பகுதி இறுகிச் சாறு உள்ளேயே அடைபட்டுவிடும்” என்று இன்னொருவர் சேர்ப்பார். “இரவு முழுவதும் ஊறினால் மசாலா எலும்பு வரை இறங்கிவிடும்” என்பதில் பெரும்பாலும் யாருக்கும் ஐயமே இருப்பதில்லை. இவற்றுள் முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் உண்மையல்ல. ஆனாலும் இவற்றை நம்பிச் சுடப்படும் கோழி சில நாள்களில் நன்றாகவே அமைந்துவிடுவதால், இந்த நம்பிக்கைகளை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அமையாத நாளில் பழி கோழியின் மீதோ ஓவனின் மீதோ விழுகிறது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்வது ஒரே ஒரு செயலை: தோல் உரிக்காத, 1.3 முதல் 1.5 கிலோ வரை எடையுள்ள பிராய்லர் கோழி ஒன்றை, குடும்பத்தின் இரவு உணவுக்காக, வீட்டு ஓ.டி.ஜி. (மேலும் கீழும் சூட்டுக் கம்பிகள் கொண்ட சிறிய மின் அடுப்பு) ஓவனில் முழுதாகச் சுடுவது. உணவகங்களில் ‘சிக்கன் ரோஸ்ட்’ என்ற பெயரில் மசாலாவுடன் வாணலியில் சுருளக் கிளறித் தரப்படும் பண்டம் வேறு. அதன் இலக்கணம் இங்கே பொருந்தாது. தமிழ்நாட்டுக் கறிக்கடைகளில் கேட்காவிட்டால் தோலை உரித்துத் துண்டுபோட்டுவிடுவார்கள் என்பதால், “தோலோடு, வெட்டாமல், முழுசாக வேண்டும்” என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கடைப்பலகையில் எழுதியிருப்பது உயிர் எடைக்கான விலையா, சுத்தம் செய்த எடைக்கான விலையா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். உயிர் எடையில் 2 கிலோ இருக்கும் பறவை, தோலுடன் சுத்தம் செய்தபின் ஏறத்தாழ 1.4 கிலோ தேறும்.

## இட்லியும் தோசையும் சொல்லித்தரும் பாடம்

இட்லிக்கும் தோசைக்கும் மாவு ஒன்றுதான். இட்லிப் பானையில் வேகும் மாவு, அரை மணி நேரம் கூடுதலாக வைத்தாலும் வெள்ளையாகவே இருக்கிறது. கல்லில் ஊற்றிய மாவோ இரண்டு நிமிடத்தில் பொன்னிறமாகி முறுகுகிறது. இட்லிப் பானைக்குள் இருப்பது நீராவி. அதன் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தோசையிலும் மாவின் ஈரம் இருக்கும்வரை இதே நிலைதான். கல்லைத் தொடும் பக்கத்தில் ஈரம் வற்றியபின்தான் அந்த மெல்லிய அடுக்கின் வெப்பநிலை 100-ஐக் கடந்து ஏறுகிறது. நிறமும் மணமும் அதன் பிறகே பிறக்கின்றன. அதே தோசையின் மேல்பக்கம் ஈரத்துடன் இருப்பதால் வெண்மையாக, மென்மையாகவே இருந்துவிடுகிறது.

சுட்ட கோழியிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த இரண்டையும் ஒரே நேரத்தில்தான். தோல் தோசையின் அடிப்பக்கத்தைப் போல முறுக வேண்டும். உள்ளே இருக்கும் இறைச்சி இட்லியைப் போல ஈரம் குறையாமல் வேக வேண்டும். தோலுக்கு 140 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பநிலை தேவை. இறைச்சியோ 70-ஐ ஒட்டிய இடத்தில் நின்றுவிட வேண்டும். ஓவனின் காற்று 200 டிகிரியில் இருக்கும்போது, அதற்குள் ஒன்றேகால் மணி நேரம் வரை இருக்கும் ஒரு பொருளின் மேற்பரப்பையும் உட்பகுதியையும் இவ்வளவு வேறுபட்ட வெப்பநிலைகளில் கொண்டுவந்து நிறுத்துவதே கோழி சுடுதலின் முழுச் சிக்கலும். முன்பு சொன்ன அறிவுரைகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை.

## தோல் ஏன் முறுகாமல் போகிறது

ஒரு கிராம் நீரை நமது அறை வெப்பநிலையான 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேற்ற 70 கலோரி வெப்பம் போதும். அந்த 100 டிகிரி நீரை ஆவியாக்குவதற்கு மட்டும் இன்னும் 540 கலோரி தேவைப்படுகிறது. வெப்பநிலை ஏறாமல், நிலை மாறுவதற்காக மட்டும் நீர் விழுங்கிக்கொள்ளும் இந்த வெப்பத்துக்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். தோலின் மேல் ஈரம் இருக்கும்வரை ஓவன் தரும் வெப்பத்தின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகும். தோலின் வெப்பநிலையும் 100-ஐத் தாண்ட முடியாது. அதற்குள் உள்ளே இருக்கும் இறைச்சி வெந்து, பிறகு மிகையாகவும் வெந்துவிடும். வெளுத்த, ரப்பர் போன்ற தோலும் அதனடியில் வறண்ட நெஞ்சுக்கறியும் ஒரே கோழியில் அமைவது இப்படித்தான். அதற்குக் காரணம் சூட்டின் குறைவு அல்ல, ஈரத்தின் மிகுதி.

ஈரம் போனபின் நடப்பதற்கு மயார் வினை என்று பெயர். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் தரும் எண்ணற்ற சேர்மங்களாக மாறுவதே அது. பிரெஞ்சு நாட்டு வேதியியலாளர் லூயி கமீல் மயார் 1912-இல் இதை விவரித்ததால் அவர் பெயர் நிலைத்தது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் இவ்வினை விரைவாக நடக்கிறது. மைக்ரோவேவில் கோழி வெந்தாலும் சிவக்காமல் இருப்பதும் இதனால்தான்: அங்கே உணவிலுள்ள நீரே சூடேற்றப்படுகிறது, சுற்றியுள்ள காற்று சூடாவதில்லை. கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும்) வசதியுள்ள மைக்ரோவேவில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் அது சாதாரண ஓவனாகவே வேலை செய்யும்.

ஆகவே தோலை உலர்த்துவது அலங்கார வேலை அல்ல. சமையலின் முதல் கட்டம் அதுவே. கோழியின் உள்ளும் புறமும் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுத்து, உப்புத் தடவி, மூடாமல் ஃபிரிட்ஜில் ஓர் இரவு வைத்தால், அங்கிருக்கும் வறண்ட காற்று தோலின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுநாள் அது தொட்டால் விரலில் ஒட்டாத தாளைப் போல இருக்கும். கீழ்த்தட்டில், வேறு உணவின் மேல் சொட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்பது மட்டும் கவனம். மேலே தடவுவதற்கு வெண்ணெயைவிட நெய் ஏற்றது. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு நீர் உண்டு. நெய்யில் அது காய்ச்சி வெளியேற்றப்பட்டிருக்கிறது. மேலைநாட்டுச் செய்முறைகள் வெண்ணெயைச் சொல்வது அங்கே அது கைக்கு எளிதில் கிடைக்கும் கொழுப்பு என்பதால்தான். இந்த விஷயத்தில் நம் வீட்டு நெய்ச்சாடி ஒரு படி மேல்.

தயிர் மசாலாவைத் தோலின் மேல் கனமாகப் பூசிவிட்டு முறுகலை எதிர்பார்ப்பது பொருந்தாது. தந்தூரிக் கோழிக்குத் தயிர் பொருந்துகிறதே என்று கேட்கலாம். அங்கே தோல் உரிக்கப்பட்டிருக்கிறது. தயிர்ப்பூச்சே காய்ந்து மேலோடாகிறது. மேலும் தந்தூர் அடுப்பின் வெப்பம், 250 டிகிரியோடு நின்றுவிடும் நம் ஓ.டி.ஜி.யை வெகுதூரம் விஞ்சியது. தயிர்தான் வேண்டுமென்றால் தோலை உரித்துவிட்டு அந்த வழியிலேயே போகலாம். இரண்டையும் கலக்கும்போதுதான் ஏமாற்றம்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தோல் சிவப்பது 100 டிகிரிக்கு மேல், 100-ஐத் தாண்டவிடாமல் தடுப்பது ஈரம், ஆகவே ஓவனுக்குள் போகும் முன்பே ஈரத்தைக் குறைக்க வேண்டும்.

## இறைச்சிக்குள் நடப்பது

பச்சை இறைச்சியின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். அந்த நீர் புரத இழைகளுக்கு இடையில் பிடித்துவைக்கப்பட்டிருக்கிறது. சூடேறும்போது சுருண்டிருக்கும் புரதங்கள் விரிந்து, அருகிலுள்ளவற்றோடு பிணைந்து இறுகுகின்றன. இதை இயல்பு திரிதல் என்பர். முட்டையின் வெள்ளைக்கரு கெட்டிப்படுவது இதுவே.

எல்லாப் புரதங்களும் ஒரே வெப்பநிலையில் திரிவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். தசையின் முதன்மைப் புரதங்களுள் ஒன்றான மயோசின் 50 டிகிரி அளவிலேயே திரியத் தொடங்குகிறது. பச்சை இறைச்சியின் கொழகொழப்பு போய் உறுதி வருவது இதனால். 60-ஐக் கடந்தபின், இழைகளைச் சுற்றியுள்ள உறைகள் சுருங்கி நீரைப் பிழிந்து வெளியேற்றத் தொடங்குகின்றன. 66-க்கும் 73-க்கும் இடையில் ஆக்டின் என்னும் மற்றொரு புரதமும் திரிகிறது. அதன்பின் நெஞ்சுக்கறி வேகமாக வறண்டு, 80-ஐத் தொடும்போது நார்நாராகப் பிரிந்து சக்கையாகிவிடுகிறது. இறைச்சியின் சாறு எவ்வளவு மிஞ்சும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அது எட்டிய உச்ச வெப்பநிலை.

அதிகச் சூடு மேல்பகுதியை அடைத்துச் சாற்றை உள்ளே பூட்டுகிறது என்ற கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டஸ் ஃபொன் லீபிக் 1847-இல் இதை முன்வைத்தார். அவர் காலத்தில் அவருக்கிருந்த மதிப்பால் சமையல்காரர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டனர். 1930-களில் அமெரிக்காவில் இறைச்சியைச் சுடுவதற்கு முன்னும் பின்னும் எடைபோட்டுப் பார்த்தபோது, முதலில் அதிகச் சூட்டில் வாட்டிய இறைச்சி நீரைக் குறைவாக இழக்கவில்லை என்று தெரிந்தது. உண்மையில் இதற்குத் தராசுகூட வேண்டியதில்லை. சூடான கல்லில் வைத்த இறைச்சி, மேல்பகுதி நன்றாகச் சிவந்தபின்னும் சுர்ரென்று ஓசை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த ஓசை, உள்ளிருந்து வரும் நீர் ஆவியாகும் ஓசை. அடைபட்டிருந்தால் அது நின்றிருக்க வேண்டும். மேல்பகுதியைச் சிவக்கவைப்பது சுவைக்காக, ஈரத்துக்காக அல்ல.

## ஒரு கோழிக்குள் இரண்டு இறைச்சிகள்

உட்பகுதி முழுவதும் ஒரே இயல்புடையதாக இருந்தால், 70 டிகிரியில் நிறுத்திவிட்டு வேலையை முடித்துவிடலாம். கோழியின் உடலோ அப்படி அமையவில்லை.

நெஞ்சுத் தசை பறப்பதற்கானது. பண்ணைக் கோழி பறப்பதே இல்லை. எப்போதாவது ஒரு நொடி இயங்கும் அத்தசையில் கொழுப்பும் குறைவு, தசைகளைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் இணைப்புப் புரதமும் குறைவு. கால்களோ நாள் முழுவதும் உடலைச் சுமப்பவை. அவற்றின் தசைகளில் ஆக்சிஜனைச் சேமித்துவைக்கும் மயோகுளோபின் என்னும் நிறமி மிகுதி. அதனால்தான் தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருக்கிறது. கொலாஜனும் அங்கே மிகுதி. இந்தக் கொலாஜன் குறைந்த வெப்பத்தில் ரப்பராக இழுபடும்; 70 டிகிரிக்கு மேல் சற்று நேரம் இருந்தால் கரைந்து ஜெலட்டினாகி, வாயில் வழுக்கும் மென்மையைத் தரும். ஆகவே நெஞ்சுப்பகுதி வறண்டுபோகும் அதே 75 முதல் 80 டிகிரியில்தான் தொடை சுவைக்கத் தொடங்குகிறது.

தட்டில் மல்லாந்து வைக்கப்படும் கோழியில், மென்மையாக நடத்தப்பட வேண்டிய நெஞ்சு மேலே, சூட்டுக் கம்பிகளை நோக்கி இருக்கிறது. கூடுதல் வெப்பம் தேவைப்படும் தொடையோ கீழே, உடலோடு ஒட்டி மறைந்திருக்கிறது. நாம் வேண்டுவதற்கு நேர் எதிரான அமைப்பு இது. படங்களில் அழகாகக் கால்களைச் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது தொடையின் உட்பக்கத்துக்குக் காற்று போகும் வழியையும் மூடிவிடுகிறது. சாதாரணத் தட்டில் சுடும்போது கால்களைக் கட்டாமல் விடுவதே நல்லது. சுழலும் கம்பியில் கோத்துச் சுடும்போது மட்டும் கால்களும் இறக்கைகளும் தொங்கிச் சூட்டுக் கம்பியில் உரசாமல் இருக்கக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இதற்கு நல்ல தீர்வு, என் கருத்தில், கோழியை விரித்துச் சுடுவதே. முதுகெலும்பின் இருபுறமும் வலுவான கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிட்டு, கோழியைத் திருப்பி, நெஞ்செலும்பை உள்ளங்கையால் அழுத்தினால் அது தட்டையாகப் படியும். தொடைகள் ஓரங்களுக்கு வந்து வெப்பத்துக்கு நேராகத் திரும்புகின்றன, கனமும் குறைகிறது, தோல் முழுவதும் மேற்பக்கத்தில் இருப்பதால் எல்லா இடமும் முறுகுகிறது. 200 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் கோழி, விரித்து 220-இல் வைத்தால் முக்கால் மணி நேரத்தில் ஆகிவிடும். மேசையில் முழுக்கோழியாக வைத்து வெட்டும் காட்சிச் சிறப்பு இதில் கிடைக்காது. அது ஒன்றுதான் இழப்பு. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள், கால்பக்கம் ஓவனின் உட்புறத்தை நோக்கி இருக்குமாறு வைத்து, நெஞ்சு மட்டும் முந்திச் சிவந்தால் அதன் மேல் சிறு அலுமினியத் தாளை வைத்து மறைக்கலாம்.

நாட்டுக்கோழியை இம்முறையில் சுட வேண்டாம். மாதக்கணக்கில் ஓடித்திரிந்து வளர்ந்த பறவையின் கொலாஜன் முதிர்ந்து இறுகியது. அது கரைய நீண்ட நேரமும் ஈரமும் வேண்டும். குழம்பில் அதற்குக் கிடைக்கும் பெருமை ஓவனில் கிடைக்காது.

மூன்று இலக்குகள் இப்போது கைவசம் உள்ளன. தோல் 140-க்கு மேல்; தொடை 75 முதல் 80 வரை; நெஞ்சு 70-ஐ ஒட்டி. நெஞ்சுக்கான எண்ணில் பாதுகாப்பு பற்றிய ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது.

## வெந்துவிட்டதா என்பதை எப்படி அறிவது

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்க வேளாண் துறை பறவை இறைச்சி அனைத்துக்கும் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச உள்வெப்பநிலை 74 டிகிரி. உள்வெப்பநிலை என்பது இறைச்சியின் மிகத் தடித்த பகுதியின் நடுவில் அளக்கப்படும் வெப்பநிலை. கிருமிகள் அழிவது வெப்பநிலையை மட்டுமன்றி, அந்த வெப்பநிலையில் கழியும் நேரத்தையும் பொறுத்தது. 74-இல் சில நொடிகளில் நடக்கும் அழிவு, 66-ஐ ஒட்டிய வெப்பநிலையில் சில நிமிடங்களில் நடக்கும். தொழில்முறைச் சமையலறைகள் இதைக் கணக்கிட்டுக் குறைந்த வெப்பத்தில் சமைப்பதுண்டு. வீட்டில், குறிப்பாகக் குழந்தைகளும் முதியவர்களும் கருவுற்றவர்களும் உண்ணும் மேசையில், 74 என்ற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வதே முறை.

நிறத்தை நம்பக் கூடாது. எலும்பருகே இளஞ்சிவப்பாகத் தெரிவதையும் சிவந்த நீர் கசிவதையும் இரத்தம் என்று எண்ணி மீண்டும் ஓவனுக்குள் தள்ளுவதால் வீணாகும் கோழிகள் ஏராளம். அந்த நிறம் பெரும்பாலும் மயோகுளோபின் தருவது. மேலும், பிராய்லர் கோழி ஆறு வாரம் அளவிலேயே கடைக்கு வந்துவிடுவதால் அதன் எலும்புகள் முற்றாதவை. அவற்றின் மச்சையிலிருந்து நிறமி வெளியே கசிவது இயல்பு. மறுபுறம், நிறம் முழுவதும் வெளுத்திருந்தாலும் நடுப்பகுதி 74-ஐ எட்டாமல் இருக்கவும் கூடும். நம் சமையலில் மஞ்சளும் மிளகாயும் சேர்ந்துவிட்டால் நிறத்தைப் பார்த்துச் சொல்வது இன்னும் கடினம்.

ஆகவே குத்திப் பார்க்கும் டிஜிட்டல் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்குங்கள். விலையுயர்ந்த ஓவனைவிட இது பயனுள்ளது என்பேன். நெஞ்சின் மிகத் தடித்த இடத்திலும், தொடை உடலோடு சேரும் ஆழமான இடத்திலும், முனை எலும்பில் படாமல் குத்த வேண்டும். கருவி சரியாக இருக்கிறதா என்று ஐஸ் நிறைந்த நீரில் வைத்துப் பார்த்தால் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்ட வேண்டும் என்பது சென்னைக்குப் பொருந்தும். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே ஐஸ் சோதனையையே நம்ப வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த பின்னும் கோழியின் உள்வெப்பநிலை 3 முதல் 5 டிகிரி வரை ஏறும். வெளிப்பகுதியில் தேங்கியிருக்கும் வெப்பம் தொடர்ந்து உள்ளே பாய்வதே காரணம். நெஞ்சு 71 காட்டும்போது எடுத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து 74-ஐ எட்டிவிட்டதை உறுதிசெய்துகொள்ளலாம். எட்டாவிட்டால் மீண்டும் உள்ளே வைக்கத் தடையில்லை.

## எடைக்கு நேரம் ஏன் சரிவருவதில்லை

வெப்பம் உணவைச் சேர்வது மூன்று வழிகளில். சூட்டுக் கம்பியிலிருந்து நேராகப் பாய்வது கதிர்வீச்சு; சூடான காற்று சுழன்று வந்து தொடுவது வெப்பச்சலனம்; மேற்பரப்பிலிருந்து இறைச்சியின் வழியே உள்நோக்கி நகர்வது வெப்பக்கடத்தல். முதலிரண்டும் விரைவானவை, மூன்றாவது மிக மெதுவானது. சமைக்க ஆகும் நேரத்தைத் தீர்மானிப்பது மூன்றாவதே. கடத்தலுக்கான நேரம் கனத்தின் இருமடியைப் பொறுத்தது: கனம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். ஆனால் எடை இரு மடங்காகும்போது கனம் இரு மடங்காவதில்லை. ஒரே வடிவமுள்ள இரண்டு பறவைகளில் எடை இரட்டிப்பானால் நேரம் 1.6 மடங்கு அளவுக்கே கூடும். “கிலோவுக்கு 40 நிமிடம்” என்ற கணக்கு 1.5 கிலோ கோழிக்கு ஏறத்தாழப் பொருந்தி, 3 கிலோ பறவையைப் பாழாக்குவது இதனால்தான். ஓவனின் சூட்டைக் கூட்டினாலும் கடத்தலின் வேகம் அதே அளவில் கூடுவதில்லை. வெளிப்பகுதி கருகுவதுதான் விரைவாகிறது.

மாலையில் கடைவாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுழலும் கிரில் சிக்கன் இந்தச் சிக்கலை இயக்கத்தால் சமாளிக்கிறது. ஒவ்வொரு பக்கமும் சற்று நேரம் தணலைப் பார்த்து, பிறகு விலகி ஆறுகிறது. விலகியிருக்கும் வேளையில் மேற்பரப்பின் வெப்பம் உள்ளே நகர்ந்துவிடுகிறது. நிலையாக இருக்கும் கோழிக்கு அந்த வசதி இல்லாததால், நாம் மேல்கம்பியிலிருந்து விலக்கி, கீழ்த்தட்டில் வைக்க வேண்டியிருக்கிறது. 30 லிட்டருக்குக் குறைந்த ஓ.டி.ஜி.யில் முழுக்கோழியின் நெஞ்சு மேல்கம்பிக்கு மிக அருகில் வந்துவிடும் என்பதால், சிறிய ஓவன் வைத்திருப்பவர்களுக்கு விரித்துச் சுடுவது விருப்பம் அல்ல, கட்டாயம். ஓவனுக்குள் விசிறி இருந்தால் போடலாம். நகரும் காற்று ஈரத்தையும் விரைவாக அகற்றும். அப்போது வெப்பத்தை 20 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

## உப்பு இறங்கும், மசாலா இறங்காது

மசாலாவில் இரவு முழுவதும் ஊறிய கோழித்தொடையை, கீறல் இல்லாத இடத்தில் குறுக்காக வெட்டிப் பாருங்கள். மஞ்சள் நிறம் விளிம்போடு நின்றிருக்கும். நடுப்பகுதி வெறும் கோழியின் நிறத்திலேயே இருக்கும். இறைச்சி நீர் நிறைந்த பொருள். மஞ்சள், மிளகாய், பட்டை ஆகியவற்றின் நிறமும் மணமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. நீரின் வழியே அவற்றால் தொலைதூரம் செல்ல இயலாது. நம் வீடுகளில் கீறல் போட்டுத் தடவும் வழக்கம் இதற்கான சரியான விடை: மசாலா இறைச்சிக்குள் போவதில்லை என்பதால், மேற்பரப்பையே உள்ளே கொண்டுபோகிறோம்.

உப்பு வேறு. நீரில் முழுதாகக் கரையும் அது மெல்ல உள்ளே நகர்கிறது. முதலில் சிறிது நீரை வெளியே இழுத்து, அதில் கரைந்து, அந்த உப்புநீராகவே மீண்டும் உள்ளே போகிறது. போகும் வழியில் மயோசினின் ஒரு பகுதியைக் கரைத்து இழைகளைத் தளர்த்துவதால், வேகும்போது அவை சுருங்கிப் பிழிவது குறைகிறது. உப்பிட்ட கோழி சாறோடு இருப்பதன் காரணம் இது. ஒரு கிலோவுக்கு 10 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி, முந்தைய நாளே தடவினால் போதும்.

மிளகாய்த்தூளும் பூண்டும் 200 டிகிரியில் ஒரு மணி நேரம் தாங்காமல் கருகிக் கசக்கும். ஆகவே அவற்றை நெய்யில் குழைத்து, நெஞ்சுப்பகுதியில் தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே விரலை விட்டு இடைவெளி உண்டாக்கி அதற்குள் தடவலாம். தோலின் மேல் உப்பும் நெய்யும் மட்டும் இருக்கட்டும். வயிற்றுக்குள் எலுமிச்சையும் வெங்காயமும் வைப்பது மணத்துக்காக. இறுக்கி அடைத்தால் உள்ளே காற்று செல்லாது.

கழுவுவது பற்றி ஒரு சொல். பிரிட்டனின் உணவுத் தர முகமை, பச்சைக் கோழியைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்று 2014-இல் இயக்கமே நடத்தியது. தெறிக்கும் நீர்த்துளிகளோடு கேம்பிலோபாக்டர் சமையலறை எங்கும் பரவும் என்பது காரணம். கண்ணெதிரே வெட்டி வாங்கும் கோழியை நம்மவர்கள் கழுவாமல் விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கழுவியே ஆக வேண்டுமென்றால் பாத்திரத்து நீரில் மெல்ல அலசி, தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவிவிட்டு, கோழியை முற்றிலும் ஒற்றி உலர்த்துங்கள்.

## இரவு 8.30-க்குப் பரிமாற

1.4 கிலோ கோழியை விரிக்காமல் முழுதாகச் சுடுவதாக வைத்துக்கொண்டு, பரிமாறும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவோம். முந்தைய நாள் மாலையிலேயே உப்பிட்டு, மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. அன்று மாலை 6.30-க்கு ஓவனை 200 டிகிரிக்கு முடுக்கிவிட வேண்டும். கோழியை முன்னதாகவே வெளியே எடுத்து அறைச்சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். அரை மணி நேரத்தில் அதன் நடுப்பகுதி சில டிகிரிகளே ஏறும் என்பதாலும், நம் ஊர் வெக்கையில் பச்சை இறைச்சியை வெளியே வைப்பது நல்லதல்ல என்பதாலும், ஃபிரிட்ஜிலிருந்து நேராக நெய் தடவி 6.50-க்கு உள்ளே வைக்கலாம். அடித்தட்டில் வெட்டிய உருளைக்கிழங்கும் வெங்காயமும் பரப்பினால் வடியும் கொழுப்பு வீணாகாது; ஆனால் நெருக்கி நிரப்பினால் அவை விடும் ஆவி தோலை நனைக்கும்.

முதல் அளவீடு 7.40-க்கு. அதற்கு முன் கதவைத் திறந்து திறந்து பார்ப்பதால் சூடு குறைவதைத் தவிர வேறு பயன் இல்லை. பெரும்பாலும் 8 மணியை ஒட்டி இலக்கு எட்டப்படும். எடுத்ததும் வெட்டாமல் 15 நிமிடம் விட வேண்டும்: சூடு தணியத் தணிய இறைச்சிச்சாறு ஜெலட்டினால் கெட்டிப்பட்டு, வெட்டும்போது பலகையில் ஓடாமல் உள்ளேயே தங்குகிறது. இந்த நேரத்தில் அலுமினியத் தாளால் இறுக்கி மூடக் கூடாது; அடைபட்ட ஆவி, ஓர் இரவும் ஒரு மணி நேரமும் செலவழித்து உலர்த்திய தோலைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும்.

முதலில் கால்களை மூட்டில் பிரித்து, பிறகு நெஞ்செலும்பின் இருபுறமும் கத்தியை இறக்கி நெஞ்சுக்கறியை முழுதாக எடுத்து, இழைகளுக்குக் குறுக்காகத் துண்டுபோட்டால் ஒவ்வொரு துண்டிலும் தோல் கிடைக்கும். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள், அறை 32 டிகிரிக்கு மேல் இருக்கும் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள், எலும்பிலிருந்து பிரித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். எலும்புகளையும், விரித்துச் சுட்டிருந்தால் வெட்டியெடுத்த முதுகெலும்பையும், மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு மறுநாள் சூப்பாக வைக்கலாம்.